கொழுத்தால்தான் கிளம்பும்

சென்ற இதழில் கோடியக்கரை உப்பளங்களில் பறவைகளுக்கு வளையம் போடுவதைப் பற்றி, அதாவது வலசை போகிற பறவை எங்கே போகிறது என்று அறிய அதைப் பிடித்துக் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுவதைப் பற்றி, நாலு வரி எழுதினேன். அதற்கே மேசை நிறையக் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை; பலர் ஒரே மாதிரி கேட்டதைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் விஞ்ஞானி அல்ல. முப்பது வருடம் பள்ளியில் அறிவியல் வாத்தியார். லீவு கிடைத்தபோதெல்லாம் வளைய முகாம்களில் போய் எடுபிடியாக நின்றவன். பை பிடித்தேன், டார்ச் பிடித்தேன், எண் எழுதினேன். பதில்களை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு கோடியக்கரை போனோம். பூநாரைகளைப் பார்த்தோம். மறுபடி ஏப்ரலில் போகலாம் என்றால், "சீசன் முடிந்துவிடும், வெயிலில் ஏன் சாகிறீர்கள்?" என்கிறார்கள். உண்மையா? (தஞ்சாவூர் வாசகர்)

வெயில் உண்மை. சீசன் முடிந்துவிடும் என்பது பூநாரையை மட்டும் பார்க்க வருபவர்கள் சொல்வது. கார்த்திகை, மார்கழியில் வந்தால் கூட்டத்தைப் பார்க்கலாம். பங்குனிக் கடைசியில், சித்திரை முதல் பாதியில் வந்தால் பறவை ஒரு காரியத்துக்குத் தயாராவதைப் பார்க்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

டிசம்பரில் உப்பளப் பாத்தியில் நிற்கிற உள்ளான்கள், அதாவது சேற்றில் இரை தேடும் சின்னக் கரைப்பறவைகள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது எந்த இனம் என்று சொல்வதற்குள் கழுத்து வலித்துவிடும். நானே முதல் இரண்டு வருடம் குழம்பிக்கொண்டுதான் இருந்தேன். அதே பாத்திக்கு ஏப்ரலில் போங்கள். அலகு நுனி கீழே வளைந்த வளைமூக்கு உள்ளான் முகத்திலிருந்து வயிறு வரை சூளைச் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். எல்லாம் ஒரே நாளில் மாறுவதில்லை. சிலது பாதி சாம்பல், பாதி செங்கல் என்று, சட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி நிற்கும். உப்புக்கொத்திகளில் ஒரு இனத்துக்கு நெஞ்சின் குறுக்கே துரு நிறத்தில் அகலப் பட்டை விழுந்திருக்கும். அதற்கு மங்கோலியாவின் பெயர் வைத்திருந்தார்கள். நம் பக்கம் வருவது திபெத் பீடபூமியிலும் பாமீர் மலைப் பக்கமும் முட்டையிடுகிற கூட்டம் என்று இப்போது தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். உப்புக்கொத்திக்கு இதெல்லாம் தெரியாது.

அப்புறம், கிளம்புகிற காட்சி. வாடைக் காற்று ஓய்ந்து சோழகம் எழுந்துவிட்டால் பறவைகளிடம் ஒரு பரபரப்பு தெரியும். வடக்கே போகிறவனுக்குத் தென்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுகிற மாதிரி. சாயங்காலம் நாலரை வாக்கில் ஒரு கூட்டம் மேய்வதை நிறுத்தும். குளிக்கும், இறகு கோதும், ஓயாமல் சத்தம் போடும். பத்து இருபது எழுந்து ஒரு வட்டம் அடித்து இறங்கும். மறுபடி எழும், மறுபடி இறங்கும். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ இறங்காது. சுற்றிச் சுற்றி மேலேறி, கோணல்மாணலாக ஒரு வரிசை கட்டி, வடக்கே திரும்பிவிடும். கீழே நிற்பவை அதைப் பார்த்துக் கத்தும் பாருங்கள், பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி. தொலைநோக்கியில் புள்ளியாகிக் கரையும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினால் முகாமில் டீ ஆறிப்போயிருக்கும்.

எல்லா நாளும் இது நடக்காது. நான் தொடர்ந்து ஆறு நாள் காத்திருந்து, ஏழாம் நாள் பல் வலிக்காக வேதாரண்யம் போன சமயத்தில் பெரிய கூட்டம் ஒன்று கிளம்பிப் போனதும் உண்டு.

காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை நாலுக்கு மேல். நடுவில் நிழலைத் தேடிப் படுத்துவிடுங்கள். குடிதண்ணீர் கையோடு. உப்பளத்துக்குள்ளும் காட்டுக்குள்ளும் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: தாத்தா, காலில் வளையம் மாட்டினால் குருவிக்கு வலிக்குமா? (ஆறாம் வகுப்பு மாணவி, திருத்துறைப்பூண்டி)

வலிக்காதும்மா. உன் அம்மா கையில் வளையல் இருக்கிறதே, அது மாதிரிதான். மேலும் கீழும் லேசாக நகரும், இறுக்காது. அலுமினியத்தில் செய்தது. ஒவ்வொரு பருமன் காலுக்கும் தனித்தனி அளவு உண்டு. பெரிய வளையத்தைச் சின்னக் காலில் போட்டால் கழன்றுவிடும், சின்னதைப் பெரிய காலில் போட்டால் புண்ணாகிவிடும். அதனால் முதலில் பறவை எது என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டுத்தான் குறடைக் கையில் எடுக்க வேண்டும்.

உனக்கு ஒரு வேடிக்கை. பறவைக்கு முட்டி பின்பக்கமாக மடங்குகிறது என்று நினைக்கிறாய் இல்லையா? அது முட்டியே இல்லை, கணுக்கால். நிஜ முட்டி இறகுக்குள்ளே மேலே ஒளிந்திருக்கிறது. பறவை எப்போதும் நுனிக்காலில்தான் நிற்கிறது. நாளைக்கு உங்கள் டீச்சரிடம் கேள்.

கேள்வி: இருபது கிராம் எடையுள்ள பறவை சைபீரியா வரை பறக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு லெட்டர் கவர் எடை! நம்பும்படியாக இல்லையே. எதைச் சாப்பிட்டு அவ்வளவு தூரம் போகும்? (கும்பகோணம் வாசகர், இதே கேள்வியை இன்னும் ஆறு பேர்)

எல்லோரும் கிலோமீட்டரைக் கேட்கிறார்கள். கிராமைக் கேட்டால்தான் விஷயம் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்கிற இருபது கிராம் பறவை கொசு உள்ளான். அதைக் கையில் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. இடது உள்ளங்கையில் முதுகு படும்படி மல்லாக்க வைத்து, ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் கழுத்து வரும்படி பிடிக்க வேண்டும். இறுக்கவும் கூடாது, விடவும் கூடாது. விரல் நுனியில் அதன் இதயம் அடிப்பது தெரியும். துடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு அதிர்வு. இப்போது நெஞ்சு இறகை வாயால் லேசாக ஊதினால் இறகு இரண்டு பக்கமும் விலகும். அதன் தோல் கண்ணாடிக் காகிதம் மாதிரி, உள்ளே இருப்பது அப்படியே தெரியும். நவம்பரில் பிடித்த பறவையில் கருஞ்சிவப்பாகத் தசை மட்டும்தான். கழுத்தடியில், இரண்டு பக்க எலும்பும் சேருகிற இடத்தில், ஒரு சின்னக் குழி இருக்கும். நவம்பரில் அது காலி. மார்ச் கடைசியில் அடியில் மஞ்சளாகக் கொழுப்பு படிந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் அந்தக் குழி நிரம்பி, மேடு கட்டி, வயிறெங்கும் வழிந்திருக்கும். மார்கழியில் உறைந்த நெய் மாதிரியே இருக்கும் அந்த நிறம். ஊதிப் பார்த்த உடனே முகாமில் எல்லோரும் சொல்வோம்: "இது டிக்கெட் வாங்கிவிட்டது."

என் பழைய நோட்டில் பார்த்தேன். குளிர்காலத்தில் இருபது, இருபத்திரண்டு கிராம் என்று இருந்தவை, கிளம்பும் முன் முப்பதைத் தாண்டுகின்றன. அறுபது கிலோ ஆள் சில வாரத்தில் தொண்ணூறு கிலோ ஆவதற்குச் சமம். நமக்கு அப்படி ஆனால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதற்கு அதுதான் பயணச் செலவு. அரைக் கிராம் சுத்தமாகப் பறவையை எடை போடுகிற மனுஷன், ரேஷன் கடைக்காரர் அரைக் கிலோ குறைத்துப் போட்டால் பார்த்துக்கொண்டு வருகிறாரே என்று எங்கள் வீட்டில் ஒரு புகார் நெடுநாளாக நிலுவையில் இருக்கிறது. அது வேறு கதை.

ஏன் கொழுப்பு? ஒரு கிராம் கொழுப்பை எரித்தால் ஒன்பது கலோரி. மாவுச்சத்தோ புரதமோ நாலுதான். குறைந்த சுமை, அதிகப் பெட்ரோல். எரியும்போது தண்ணீரும் உண்டாகும், வழியில் தாகத்துக்கு ஆயிற்று. அதோடு, மூக்கன் போன்ற நெடுந்தூரக் கரைப்பறவைகளில் இன்னொன்றையும் கண்டிருக்கிறார்கள்: கிளம்பும் சமயத்தில் இரைப்பை, குடல், ஈரல் எல்லாம் சிறுத்துவிடும், நெஞ்சுத் தசையும் இதயமும் பெருத்துவிடும். வானத்தில் சமையலறை எதற்கு? சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

பட்டைவால் மூக்கன் என்று ஒரு பறவை. 2022-ல் அதன் குஞ்சு ஒன்று, பிறந்து ஐந்து மாதம், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 11 நாள் எங்கும் இறங்காமல் பறந்தது. சுமார் 13,560 கிலோமீட்டர். நம் கொசு உள்ளான் அந்த மாதிரி வீராப்பு காட்டாது. ஏரி, சதுப்பு என்று இறங்கி இறங்கி, தின்று தேறித்தான் வடதுருவ ஓரத்துக்குப் போகும். வளைமூக்கு உள்ளானுக்குச் சைபீரியாவின் வட விளிம்பில் தைமிர் தீபகற்பம்தான் தாய்வீடு. ஜூனில் பனி உருகிப் பூச்சி பெருகுகிற அந்தச் சில வாரத்துக்குள் கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் முடிந்தாக வேண்டும். சீக்கிரம் போனால் பனி, தாமதமாகப் போனால் குஞ்சுக்குத் தீனி இல்லை. ஆகவே ஏப்ரலில் வேதாரண்யம் சதுப்பில் புழு கிடைக்கவில்லை என்றால் அதன் விளைவு ஜூலையில் தைமிரில் தெரியும்.

இதனால்தான் எந்தப் பாத்தியில் எவ்வளவு உப்பு என்று வளையம் போடுகிறவர்கள் அலட்டிக்கொள்கிறார்கள். கடல் தண்ணீர் முதலில் வந்து தேங்குகிற பெரிய பாத்திகளில் ஈப்புழு, கொசுப்புழு, பொடி இறால் எல்லாம் இருக்கும். தண்ணீர் பாத்தி மாறி மாறிக் கெட்டியாக ஆக, உயிர் குறைந்துகொண்டே போகும். உப்பு பூக்கிற கடைசிப் பாத்தியில் பறவைக்கு நிற்க இடம் உண்டு, சாப்பாடு கிடையாது. தூரத்திலிருந்து புகைப்படம் எடுத்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

கேள்வி: இந்த வளையம் போடும் வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள்? (திருச்சி வாசகி)

என் ஜாதிக்காரர்தான், அதாவது ஒரு பள்ளி வாத்தியார். டென்மார்க்கில் விபோர்க் என்ற ஊரில் மோர்டென்சன் என்பவர். 1890-ல் துத்தநாக வளையத்தில் முயன்றார், கனம் அதிகமாகிவிட்டது, விட்டுவிட்டார். 1899-ல் அலுமினியத்தில் எண்ணும் முகவரியும் பொறித்து நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட மைனா இனக் குருவிகளுக்குப் போட்டார். அதற்கு முன்பும் பறவைகள் காலில் எதையோ கட்டிவிட்டவர்கள் உண்டு. ஒழுங்காக எண் போட்டுக் கணக்கு வைத்தவர் இவர். 1901-ல் ஜெர்மானியர்கள் பால்டிக் கடலோரம் ரொஸ்ஸிட்டன் என்ற கிராமத்தில் பறவை ஆய்வு நிலையமே தொடங்கினார்கள். கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிற போகிற பறவைக்கு வளையம் போடும் வேலை அங்கிருந்து பரவியதுதான்.

எனக்குப் பிடித்தது தகைவிலான் கதை. 1911 மே மாதம் இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு வீட்டுக்காரர் தன் வாசலில் கூடுகட்டிய தகைவிலானுக்கு வளையம் போட்டார். 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் ஒரு பண்ணை வீட்டில் அது பிடிபட்டது. அங்கிருந்தவர் வேலை மெனக்கெட்டுக் கடிதம் போட்டார். அதுவரை தகைவிலான் குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பதற்கு ஆளுக்கொரு ஊகம்தான்.

கேள்வி: கோடியக்கரையில் பறவை ஆராய்ச்சிக்கு உலகச் சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது என்று ஒருவர் சொன்னார். பறவைக்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்? (வேலூர், மருத்துவத் துறை ஊழியர்)

சரியாகத்தான் சொன்னார். 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. உண்ணிகள் பரப்புகிற வைரஸ். அது ரஷ்யாவில் வசந்தகாலத்தில் வரும் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவு என்று தெரிந்ததும், "சைபீரியாவிலிருந்து வரும் பறவைதான் உண்ணியைச் சுமந்து வந்ததோ?" என்று சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தில்தான் சலீம் அலிக்கும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கும் பெரிய அளவில் வளையம் போடப் பணம் கிடைத்தது. கழகம் 1927-லேயே சிறிய அளவில் தொடங்கியிருந்த வேலை அது. பறவைகள் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் அந்தச் சாக்கில் நாட்டின் பறவைகளைப் பற்றி எவ்வளவோ தெரியவந்தது. கோடியக்கரை 1967-ல் சரணாலயம் ஆனது. 2002-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கேள்வி: எங்கள் ஊர் முகத்துவாரத்தில் மே, ஜூனிலும் பத்துப் பதினைந்து உள்ளான்கள் திரிகின்றன. வழி தெரியாமல் தங்கிவிட்டவையா? நோயாளிகளா? (தரங்கம்பாடி, மீனவ இளைஞர்)

நல்ல கண் உங்களுக்கு. இரண்டும் இல்லை, பெரும்பாலும் அவை சின்னப் பிள்ளைகள். போன வருடம் பிறந்தவை. முதல் வருடம் பல கரைப்பறவைகள் வடக்கே போவதே இல்லை. போனாலும் நல்ல இடமும் ஜோடியும் கிடைப்பது சந்தேகம். அவ்வளவு தூரம் ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்? இங்கேயே கத்திரி வெயிலைக் கழித்துவிட்டு அடுத்த வருடம் போகும். நிறத்தைப் பாருங்கள்: மே மாதத்திலும் சாம்பலாகவே இருந்தால் அநேகமாக அதுதான். செங்கல் நிறத்தில் ஒன்று ஜூனில் தனியாக நின்றால், அதற்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைக்கலாம்.

ஆகஸ்டில் பெரியவை திரும்பத் தொடங்கிவிடும். நீங்கள் கடற்கரையில் இருக்கிறவர். தேதி போட்டு எழுதி வையுங்களேன்.

கேள்வி: செயற்கைக்கோள் கருவி வந்துவிட்ட காலத்தில் இன்னும் அலுமினிய வளையமா? மாட்டுவண்டி ஓட்டுவது போலில்லையா? (சென்னை, மென்பொருள் பொறியாளர்)

மாட்டுவண்டி போகிற சந்தில் லாரி போகாது சார். பறவை சுமக்கிற கருவி அதன் எடையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. இருபத்திரண்டு கிராம் கொசு உள்ளானுக்கு அது முக்கால் கிராம்கூட வராது. செயற்கைக்கோளோடு பேசுகிற கருவி அந்த எடையில் அடங்காது. பெரிய பறவைகளுக்குச் சரி. மூக்கன் கதை அப்படித்தான் தெரிந்தது. விலையும் இருக்கிறது. ஒரு கருவி வாங்குகிற காசுக்கு ஒரு மூட்டை வளையம் வாங்கலாம். நடுவழியாக இப்போது வளையத்தோடு வண்ணக் கொடியும் மாட்டுகிறார்கள். எந்த நிறம் எந்த ஊர் என்று ஒப்பந்தம். மறுபடி பிடிக்காமலே தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் அலுமினிய வளையத்தின் உயிர், எண்ணைச் சரியாக எழுதுவதில் இருக்கிறது. இதில் நான் செய்த ஒரு திருக்கூத்தைச் சொல்லியாக வேண்டும். அமாவாசை ராத்திரி. அன்றுதான் வலை பறவைக்குத் தெரியாது என்பதால் வேலை அதிகம். மூங்கில் நட்டு, முழங்கால் சேற்றில் வலை கட்டி, மணிக்கு ஒருமுறை போய் எடுத்து வருகிறார்கள். வளையங்கள் வரிசை எண்ணோடு ஒரு கம்பியில் கோத்திருக்கும். நான் பதிவேடு. நடுவில் ஒரு வளையம் கைதவறிச் சேற்றில் விழுந்திருக்கிறது. மாட்டுகிறவர் அடுத்ததை எடுத்து மாட்டிவிட்டார். வாயால் சொன்னார்; எனக்குத் தூக்கக் கலக்கம். நான் வரிசைப்படி எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு வளையம் குறைந்ததையும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு உப்புக்கொத்தி வளையத்தோடு வலையில் விழுந்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பதிவேட்டைப் புரட்டினால் அந்த எண்ணுக்கு நேரே வளைமூக்கு உள்ளான் என்று என் கையெழுத்தில், முத்து முத்தாக. அப்போதுதான் புரிந்தது. அன்றிரவு சேற்றில் விழுந்ததற்குப் பிறகு மாட்டிய இருபத்துமூன்று பறவைகளுக்கும் பக்கத்து வீட்டுக்காரன் ஜாதகத்தை எழுதி வைத்திருந்தேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளித் திருத்தினோம். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் நான் எண்ணைக் கேட்டு எழுதிவிட்டு, திரும்பப் படித்துக் காட்டாமல் பறவையை விடவே சம்மதித்ததில்லை.

கேள்வி: ஆயிரம் சொன்னாலும், பயணம் போகத் தயாராகும் ஒரு ஜீவனை வலையில் சிக்கவைப்பது பாவம்தானே? (மதுரை வாசகி)

நீங்கள் கேட்பது நியாயம். வலையில் சிக்கிய பறவைக்குப் பயம் இருக்கிறது. பையிலிருந்து எடுக்கும்போது எச்சம் போடும்; எடை ஒரு கிராம் குறையும். பயத்தில் போடுவதுதான். அபூர்வமாகச் சாவும் உண்டு. இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல முகாமில் மழை வந்தால், காற்று ஏறினால், வெயில் ஏறினால் வலையைச் சுருட்டிவிடுவார்கள். பயிற்சி இல்லாதவர் கையில் பறவையைக் கொடுக்க மாட்டார்கள். எனக்கே முதல் வருடம் பை பிடிக்கும் உத்தியோகம் மட்டும்தான்.

கொழுத்துக் கிளம்பத் தயாரான பறவையை ராத்திரி முழுக்கப் பையில் வைத்திருந்தால், அதன் பயணச் செலவில் நாம் கைவைத்த மாதிரி. ஏப்ரலில் அதனால் அவசரம் காட்ட வேண்டும். சில அளவுகளை விட்டுவிட்டுச் சீக்கிரம் பறக்கவிட வேண்டும் என்பது என் கட்சி. எல்லாம் அளந்தால்தான் பிடித்ததற்கு அர்த்தம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இதில் நாங்கள் இரவெல்லாம் சண்டை போட்டிருக்கிறோம்.

கேள்வி: "நாராய் நாராய்" என்று சத்திமுத்தப் புலவர் பாடிய செங்கால் நாரை, வலசை போகும் பறவையா? (தமிழாசிரியர், திருவாரூர்)

குமரியில் நீராடிவிட்டு வடக்கே போவாயானால் என் ஊரில் இறங்கு என்கிறார். தெற்கு எல்லை வரை வந்து திரும்புகிற பறவையை அவர் அறிந்திருக்கிறார் என்பதில் சந்தேகமில்லை. சிவந்த அலகு, சிவந்த கால் இரண்டும் ஐரோப்பாவில் கூடு கட்டுகிற செங்கால் நாரைக்குப் பொருந்தும். ஜெர்மனியில் குஞ்சாக இருந்தபோது வளையம் போட்ட அந்த நாரை ஒன்று ராஜஸ்தானத்துப் பிகானீரில் கிடைத்திருக்கிறது. தென்கோடித் தமிழ்நாட்டில் அதை இப்போது காண்பது அருமை.

ஒரு சின்னக் குறும்பு. புலவர் வாடைக் காற்றில் நடுங்கிக்கொண்டு பாடுகிறார். வாடை அடிக்கும்போது பறவை தெற்கே வரும். வடக்கே போவது சோழகம் எழுந்த பின். கொஞ்சம் அவசரக்கார நாரையாக இருந்திருக்கும். அல்லது, குளிரில் நடுங்குகிறவனுக்குப் பங்குனி வரை பொறுமை இருந்திருக்காது. நீங்கள் தமிழாசிரியர், நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கேள்வி: காலமான என் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் ஒரு சின்ன அலுமினிய வளையம் கிடைத்தது. ஆங்கிலத்தில் பம்பாய் என்றும் ஒரு எண்ணும் தெரிகிறது. அந்தக் காலத்தில் அவர் கண்ணி வைத்து உள்ளான் பிடிப்பார் என்று பாட்டி சொல்கிறார். இதை யாரிடமாவது சொன்னால் வம்பாகுமா? (தோப்புத்துறை வாசகர்)

இந்த ஒரு கடிதத்துக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம்.

சொல்லுங்கள். வளையத்தில் எழுதியிருப்பதே "பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவி" என்றுதான். இன்று கண்ணி வைப்பது குற்றம். 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பழைய வளையம் ஒன்றை எழுதித் தெரிவித்ததற்காக யாரும் வாசலில் வந்து நின்றதை நான் கண்டதில்லை. சொல்லப்போனால், உலகம் முழுக்க வளையங்கள் திரும்பியதில் பெரும் பங்கு வேட்டைக்காரர்கள் கையிலிருந்துதான். அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாதி வழித்தடம் தெரிந்திருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். எண்ணோடு முன்னால் பின்னால் இருக்கிற எழுத்தையும் விடாமல் அப்படியே எழுதுங்கள். உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரித்துப்போகும், சில இலக்கம் மங்கியிருக்கும். உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள், இருக்கிறதும் போய்விடும். சாய்வான வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து, கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள். 3-ஆ 8-ஆ என்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம். ஊகத்தின் விலையை நான் மேலே சொல்லியிருக்கிறேன். எந்த வருடம், எந்த மாதம், எந்தக் கரை என்று பாட்டியிடம் கேளுங்கள். "பெரியவளுக்குக் கல்யாணம் ஆன வருஷம்", "அந்தப் பெரிய புயலுக்கு மறு வருஷம்" என்று அவர் சொல்வார். அதுவும் போதும், அதை வைத்துத் தேதியைப் பிடித்துவிடலாம். பறவை சாம்பலாக இருந்ததா, செங்கல் நிறமா என்றும் கேளுங்கள். சமைத்தவருக்கு அது நினைவிருக்கும். வளையம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். அவர்களுக்கு வேண்டியது விவரம்.

அனுப்பினால் அந்தப் பறவைக்கு எப்போது, எங்கே வளையம் போட்டார்கள் என்று பதில் வரும். கோடியக்கரையிலேயே போட்டது என்றால், பத்து மைலுக்குள் முடிந்த கதை. வேறு எங்கேயாவது என்றால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அப்புறம், அந்த வெற்றிலைப் பெட்டியை இன்னொரு தடவை நன்றாகத் துழாவிப் பாருங்கள். ஒன்று எடுத்து வைத்தவர் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டார்.